மாப்பிள்ளை வைத்த எலும்பு

கவரைப்பேட்டை
26 பிப்ரவரி 2024

மாப்பிள்ளைக்கு,

குணசுந்தரி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலம் என்று பூமிகா சொன்னாள். அவள் வழியாக உங்களைப் பற்றி எனக்குக் கிடைத்த கடைசிச் செய்தி அதுதான். இனி அந்த வழி இல்லை.

மாமியார் மாப்பிள்ளை முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் கதவைப் பார்த்துச் சொல்வேன், பூமிகா அதை உங்களிடம் சொல்வாள், நீங்கள் பதிலை அவளிடம் சொல்வீர்கள். சோறு போதுமா, ரயில் எத்தனை மணிக்கு என்ற அளவில் இந்த ஏற்பாடு குறையில்லாமல் நடந்தது. என் ஈறை நீங்கள் அறுத்த அன்றுதான் அது தாங்கவில்லை. நீங்கள் "வாயைத் திறக்கச் சொல்" என்றீர்கள். அவள் "அம்மா, வாயைத் தொறக்கணுமாம்" என்றாள். திறந்தேன். "வலிக்குதான்னு கேள்" என்றீர்கள். வாய் நிறைய உங்கள் கை. பூமிகாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். "வலிக்கலையாம்" என்றாள். வலித்தது.

தையல் பிரித்த அன்று அவள் ராஜினாமா செய்துவிட்டாள். "நடுவுல நான் இன்னா உங்களுக்கு மைக்கா? எனுக்கு பேஜாராகீது. இனிமே உன் பல்லப் பத்தி நீயே அவராண்ட பேசிக்கோ" என்றாள். வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவில் உங்கள் பெரியப்பா வரை இருக்கிறார்கள். அவர்களுக்கு என் ஈறு எதற்கு? தனியாகப் போன் போட்டால் அது பேசியதாகிவிடும். கடிதம் அப்படியில்லை. வால்வு கம்பெனியில் சரக்கைச் சோதித்து, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், குறைகளை எழுதி அனுப்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

கேள்வி இதுதான். என் தாடையில் என்ன வைத்தீர்கள்? "எலும்பு வெச்சிருக்காரு" என்கிறாள் பூமிகா. யாருடைய எலும்பு? இடது பக்கம் மெல்லுகிற பல் ஒன்றுகூட இல்லை. வலது பக்கம் கீழே இருக்கிற இந்தக் கடைவாய்ப் பல்லை நம்பித்தான் சாப்பிடுகிறேன். அதுவும் ஆடியதால்தான் உங்களிடம் வந்தேன். அதன் பக்கத்தில் குடிவைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

குணசுந்தரி


திருநின்றவூர்
5 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்களுக்குக் கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று பூமிகாவைக் கேட்டேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். எனவே பிழை ஏதேனும் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல் ஈறில் நிற்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் எலும்பில் நிற்கிறது. பல் இடுக்கில் காறை சேர்ந்து, அதில் கிருமி சேர்ந்து, ஈறு பல்லை விட்டு விலகும்போது, உள்ளே எலும்பு சத்தமில்லாமல் கரையும். வலி இருக்காது. ரத்தம் வரும், பிரஷ் புதிது என்று நினைத்துக்கொள்வார்கள். பல் ஆடும்போதுதான் என்னிடம் வருவார்கள். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. அதனால் ஈறைத் திறந்து, சுத்தம் செய்து, குழியில் ஒரு பொடியை நிரப்பித் தைத்தேன். அந்தப் பொடி எலும்பாக ஆகிவிடுவதில்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் உடம்பு தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொடி நான்கு இடங்களிலிருந்து கிடைக்கும். நோயாளியின் சொந்த எலும்பிலிருந்து எடுக்கலாம். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்தது உண்டு. விலங்கெலும்பு உண்டு, பெரும்பாலும் மாடு, தாதுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கியது. கடைசியாக, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்த்துச் சூளையில் சுட்ட செயற்கைப் பொடி. உங்களுக்கு வைத்தது அந்தச் செயற்கைப் பொடிதான். எந்த உயிருக்கும் அதில் சம்பந்தமில்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்று யோசித்தே அப்படிச் செய்தேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்,
துளசிராமன்


கவரைப்பேட்டை
16 மார்ச் 2024

மாப்பிள்ளைக்கு,

பாடம் புரிந்தது. கடைசி வரி புரியவில்லை. என் மனம் நோகும் என்று யோசித்தது யார்? என் மனமா, உங்கள் மனமா?

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் ஒரு இரும்பு போட்டிருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் ஈடான வேறொன்றைப் போடலாம், தப்பில்லை. ஆனால் வாங்குகிறவரிடம் கேட்டு, அவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான். கேட்காமல் போட்டால் தங்கமாகவே இருந்தாலும் லாரி திரும்பி வரும். நானே எத்தனையோ லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாடையைத் திருப்பி அனுப்ப முடியாது.

என் பக்கத்து மேஜையில் சோதிப்பவள் மெஹர்னிசா, பழவேற்காட்டுக்காரி. "இன்னா குணா, மாப்ள வாய்ல சிமெண்ட்டு பூசிட்டாரா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க நாத்தனாருக்கு வெச்சப்போ டாக்டரு மொதல்ல எலும்பு எதுன்னு கேட்டுட்டுதான் கத்தியவே எடுத்தாரு. பன்னி மட்டும் வாணாம்னா. சரிம்மான்னுட்டாரு. உன்னை யாருமே கேக்கலியா?"

"கேக்கல."

"வெளி டாக்டராண்ட போயிருந்தா கேட்டிருப்பாரு. நீ ஊட்டு டாக்டராண்ட போயிட்டே."

அவள் சிரித்தாள். எனக்குத் தையல் பிரித்த இடம் இழுத்ததால் நான் சிரிக்கவில்லை.

ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உங்கள் மாமியாராக இல்லாமல், திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக உங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு பொம்பளையாக இருந்திருந்தால், அந்த நான்கில் எதை வைத்திருப்பீர்கள்?

குணசுந்தரி


திருநின்றவூர்
27 மார்ச் 2024

அத்தைக்கு,

வணக்கம். மாட்டெலும்பு.

நேராகக் கேட்டதால் நேராக எழுதிவிட்டேன். உங்கள் பல்லைச் சுற்றியிருக்கும் குழி அகலமானது. செயற்கைப் பொடி சிலருக்குச் சீக்கிரம் கரைந்துவிடும். மாட்டெலும்புத் தூள் நெடுநாள் அங்கேயே நின்று இடத்தைக் காக்கும். அதைப் பற்றிய ஆராய்ச்சியும் நிறைய இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நீங்கள் ஆடி மாதம் தவறாமல் பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைப்பவர். உங்கள் வீட்டில் மாட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறீர்கள். உங்களிடம் இதை நான் எப்படிக் கேட்பது? பூமிகாவைக் கேட்கச் சொன்னேன். "மாட்டெலும்ப உன் வாய்ல வெக்கட்டுமான்னு எங்கம்மாவ நான் கேக்கணுமா? நல்லா கீதே" என்றாள். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். இதே கிளினிக்கில் முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறேன்.

செயற்கைப் பொடி மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். நிறையப் பேருக்கு நன்றாகவே பிடித்திருக்கிறது. மென்மையான பிரஷ், கொடுத்த மருந்தால் கொப்பளிப்பது, அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காமல் இருப்பது, இவை போதும். எலும்பு வளர்வது வெளியே தெரியாது. ஆகஸ்டில் எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். அதுவரை நம்மால் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை.

துளசிராமன்


கவரைப்பேட்டை
10 மே 2024

மாப்பிள்ளைக்கு,

"நம்மால் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இப்படி எழுதிய சப்ளையர்களின் சரக்கு ஒன்றுகூடத் தேறியதில்லை. ஆகவே நானே சோதித்துவிட்டேன்.

அறுவைக்கு முன்னால் முனை மழுங்கிய ஒரு கம்பியை என் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஆழத்தை மில்லிமீட்டரில் சொல்லச் சொல்ல, உங்கள் உதவிக்கு இருக்கும் இளமதி எழுதிக்கொண்டது நினைவிருக்கலாம். வால்வின் சிறு துளைகளுக்கு நாங்கள் பார்க்கும் சோதனையும் அதேதான். ஸ்டெயின்லெஸ் கம்பியில் முனையை உருட்டி, மில்லிமீட்டருக்கு ஒரு கோடு கீறி, ஒன்று செய்துகொண்டேன். அதை வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் வாயில் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணாடி முன்னால் நின்று பார்க்கிறேன். நாக்குப் பக்கம் கை எட்டவில்லை. கன்னப் பக்கம் மட்டும் பார்க்க முடிகிறது.

உங்கள் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாடி, காலங்காத்தால வாய்ல கம்பி உட்டுகினு நின்னுகினு கீறே?" என்றார். "மாப்ள வெச்ச சரக்கு வேல செய்யுதான்னு பாக்கறேன்" என்றேன். "மாப்ள வெச்சத சோதிக்கிறியா? ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றார். ஊருக்கு என் வாய்க்குள் என்ன வேலை?

வருத்தத்துடன் தெரிவிப்பது: மார்ச் கடைசியிலிருந்து ஆழம் கொஞ்சமும் குறையவில்லை. போன வாரம் கம்பியில் ரத்தம் வந்தது. சரக்கு பிடிக்கவில்லை என்றே என் முடிவு. என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?

குணசுந்தரி


திருவள்ளூர்
14 மே 2024
விரைவு அஞ்சல்

அத்தை,

கம்பியைக் கீழே வையுங்கள்.

கடிதம் இப்போதுதான் கிடைத்தது. உடனே போன் செய்தேன். மாமா எடுத்தார். "அவ பேசமாட்டா மாப்ள. கடுதாசியே போட்டுடுங்க" என்றார். விஷயத்தை அவரிடம் சொன்னேன். "நான் சொன்னா கேப்பாளா?" என்றார். வெளியே ஐந்து பேர் வாயைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கடுதாசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புது ஈறு பல்லின் மேல் ஒட்டுவது ஈரத்தாளைச் சுவரில் ஒட்டுவது போல. காய்வதற்குள் வாராவாரம் நகத்தை விட்டுக் கிளப்பிப் பார்த்தால் அது எப்படி ஒட்டும்? உங்கள் கம்பெனியில் வெல்டிங் ஆறுவதற்குள் யாராவது இழுத்துப் பார்ப்பார்களா? இழுத்துப் பார்ப்பவனை நீங்கள் வேலையில் வைத்துக்கொள்வீர்களா? கம்பி போகும் வழியில் கிருமியும் போகும். ஆறு மாதத்துக்கு நானே அங்கே கம்பி வைக்கமாட்டேன். இதற்காகவே படித்த நானே வைக்கமாட்டேன்!

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எந்த நோயாளிக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை. வீட்டில் சொந்தமாகக் கம்பி செய்து வைத்திருக்கும் நோயாளி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

ஒரே ஒரு பல் இருக்கிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அது நிற்க வேண்டும் என்ற எண்ணம் உண்டா இல்லையா?

துளசிராமன்


கவரைப்பேட்டை
29 மே 2024

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தில் வணக்கம் இல்லை. நலம் விசாரிப்பு இல்லை. உங்கள் மாமா இரண்டு தடவை படித்துவிட்டு, "மாப்ள சூடாகீறாரு" என்றார். மாப்பிள்ளை சூடாகிவிட்டால் என்ன சமைத்து அனுப்புவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

கம்பியை நிறுத்திவிட்டேன். நீங்கள் கத்தியதால் அல்ல, வெல்டிங் கணக்கு சரியாக இருந்ததால். அதைப் படித்த பிறகு சாப்பாட்டில் மனம் போகவில்லை. நாக்கு அந்தப் பல்லையே தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. நாக்கை நிறுத்த உங்களிடம் ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.

ஆனால் குறையைக் குறையாகச் சொல்லிவிட வேண்டும். கன்னத்தில் வீக்கம் வந்தால் ஐஸ் வை என்று சொல்ல பூமிகா இருந்தாள். பிறகு அவளும் இல்லை. பிப்ரவரி முதல் மே வரை, கடிதத்தில் எழுத விட்டுப்போனதை எல்லாம் நீங்கள் யாரிடம் சொல்லியிருப்பீர்கள்? சுவரிடமா? நான் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்டிருப்பேன்? இருவரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை வைத்திருந்தோம். அந்த மரியாதையின் செலவு என் பல்லின் கணக்கில் எழுதப்படுகிறது.

இன்னொன்று. கல்யாணமானதிலிருந்து மரியாதை பார்க்காமல் என்னிடம் நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் "கம்பியைக் கீழே வையுங்கள்". பூமிகாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அப்பாடா, ரெண்டு பேரும் சண்ட போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வைத்துவிட்டாள். அவளை நான் வளர்த்த விதம் சரியில்லை.

ஆகஸ்டில் வருகிறேன். அவள் துணைக்கு வரமாட்டாளாம்.

குணசுந்தரி


திருநின்றவூர்
21 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

வணக்கம். நேற்று நீங்கள் கிளினிக்குக்கு வந்தபோது உங்களிடம் பேசியவர் இளமதி ஒருவர்தான். "உக்காருங்க", "கடிங்க", "அசையாதீங்க", "எழுந்திருங்க". நான் கம்பி வைத்து எண்களைச் சொன்னேன். அவற்றையும் இளமதியிடம்தான் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்ப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. "சார், ரிசல்ட்ட அந்தம்மாவாண்ட யாரு சொல்றது? நான் சொல்லமாட்டேன்" என்றார் இளமதி. பக்கத்தில் நாற்காலியில் இருந்தவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு மருத்துவம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

நாக்குப் பக்கம் எலும்பு நன்றாகவே நிரம்பியிருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. கன்னப் பக்கம் நிரம்பவில்லை. குழி முன்பிருந்த ஆழத்திலேயே இருக்கிறது. உங்கள் கம்பி எட்டாத இடத்தில் மட்டும் எலும்பு வளர்ந்திருக்கிறது.

முழுப் பழியையும் கம்பி மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அது என்னால் நிரூபிக்கக்கூடியதல்ல. கன்னப் பக்கச் சுவர் முதலிலிருந்தே மெல்லியது. வேறு பொடி வைத்திருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ. அது எனக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

பல் இன்னும் ஆடுகிறது; முன்னைவிடக் குறைவாக. இப்படியே விட்டால் சில வருஷங்களில் போய்விடும் என்று நினைக்கிறேன். கன்னப் பக்கத்தை மட்டும் மறுபடி திறந்து நிரப்பலாம். இரண்டாவது தடவை பிடிக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. இல்லையென்றால் பல்லை எடுத்துவிட்டு வேறு பல் கட்டலாம். நிரப்புவதானால், உங்கள் முகவாயிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுக்கலாம்; இரண்டு இடத்தில் காயம் ஆகும். அல்லது தானம் வந்தது. அல்லது மாடு. அல்லது மறுபடி அதே செயற்கைப் பொடி. என் சிபாரிசு மாடு. வாய் உங்களுடையது.

எது வேண்டும்? கேட்கிறேன்.

துளசிராமன்


கவரைப்பேட்டை
1 செப்டம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

எலும்பு எங்கே வளர்ந்தது என்பதைப் படித்துவிட்டு மெஹர்னிசாவிடம் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "அப்போ நாம தொடாததுதான் தேறுமா?" என்றாள். சோதனைப் பிரிவில் இருப்பவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி. அன்று முழுக்க இருவரும் சரியாக வேலை செய்யவில்லை. அன்று போன சரக்கு எப்படி இருக்குமோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

பழி விஷயத்தில் நீங்கள் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெருந்தன்மை வேண்டாம். கம்பி விட்டது என் தப்பு. கேட்காமல் மாற்றி வைத்தது உங்கள் தப்பு. எது பெரியது என்பதில் உங்கள் மாமாவும் பூமிகாவும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். எனக்குச் சாதகமாக இருப்பது உங்கள் மாமா அல்ல.

மாட்டெலும்பையே வையுங்கள். உழுது போட்ட மாடு, பால் கொடுத்த மாடு, பெயர் வைத்துக் கூப்பிட்ட மாடு எல்லாம் எங்களுக்கு உண்டு. என் பல்லைத் தாங்க ஒன்று வந்தால் அதைக் கும்பிட்டு ஏற்றுக்கொள்வேன். கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே இதைத்தான் சொல்லியிருப்பேன். பெரியபாளையத்துக்காரியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளிடம் பேச எனக்கு நடுவில் ஆள் தேவைப்பட்டதில்லை.

ஆனால் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார மாட்டேன். இளமதியை அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பூமிகாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள். உங்கள் மாமாவிடம் இதைச் சொன்னேன். "வழக்கம்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார். "எனுக்குப் பல்லுன்னு ஒண்ணே ஒண்ணுதான் கீது" என்றேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு கடிதம் வந்து சேர ஆகிற நாளில் ஒரு பல்லே விழுந்துவிடும். வரும் வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். ரயிலில் சென்னை போய், அங்கிருந்து மாறி, மறுபடி திருவள்ளூருக்கு வருவேன். உங்கள் முதல் நோயாளி நான்.

மரத்துப்போகிற ஊசியை வந்ததும் போட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் எனக்கு அரை மணி நேரம் வேண்டும். கல்யாணத்திலிருந்து இன்றுவரை உங்களிடம் நேரில் சொல்லாமல் கதவிடம் சொன்னது, பூமிகாவிடம் சொன்னது, யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது எல்லாம் இருக்கிறது. அதில் பாதி திட்டு. அதைச் சொல்லி முடித்த பிறகு வாய் உங்களுடையது.

குணசுந்தரி